ஏலியின் பிழை: உண்ணாநோன்பும் உண்ணா நோயும் பற்றிய இரு நூல்கள்

முதலாம் சாமுவேல் நூலின் முதல் அதிகாரத்தில் ஆயர்பணிக்குரிய ஒரு பிழை பதிவு செய்யப்பட்டுள்ளது. அன்னாள் ஆண்டுதோறும் மனம் நொந்து, பண்டிகை விருந்திலும் உண்ணாமல் அழுகிறாள். கணவனாகிய எல்க்கானா ஏன் உண்ணவில்லை என்று வினவுகிறான். பத்துப் பிள்ளைகளைவிடத் தான் மேலல்லவா என்று தேற்றவும் முயல்கிறான். அவளோ ஆலயத்தில் உதடுகள் மட்டும் அசைய மன்றாடுகிறாள். வாயிலருகே அமர்ந்திருந்த ஆசாரியனாகிய ஏலி அவளைக் குடிவெறி கொண்டவள் எனக் கருதிக் கடிந்துகொள்கிறான். உண்ணாதவளைக் குடித்தவளாகக் கண்டது அவன் கண்.

ஆயினும் ஏலியிடம் ஒரு நற்பண்பு இருந்தது. அவள் பேசியபோது அவன் செவிகொடுத்தான். தன் தீர்ப்பை மாற்றிக்கொண்டு வாழ்த்தி அனுப்பினான். அதன்பின் அவள் போய் உண்டாள் என்றும், அவள் முகம் முன்போல் வாடியிருக்கவில்லை என்றும் திருமறை கூறுகிறது. பிள்ளை பிறக்குமுன், விண்ணப்பம் நிறைவேறுமுன், அவள் உண்டாள் என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

உண்ணாமையைத் திருச்சபை எவ்வாறு கண்டது என்பதை ஆராயும் இரு வரலாற்று நூல்களை இக்கதையின் துணைகொண்டு மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஒன்று ருடால்ஃப் பெல் 1985இல் வெளியிட்ட 'ஹோலி அனோரெக்ஸியா'. மற்றது கரோலின் வாக்கர் பைனம் 1987இல் வெளியிட்ட 'ஹோலி ஃபீஸ்ட் அண்ட் ஹோலி ஃபாஸ்ட்'. முன்னதை 'புனித உண்ணாமை' எனவும், பின்னதைப் 'புனித விருந்தும் புனித நோன்பும்' எனவும் தமிழிற் கூறலாம்.

1. நோயும் அதன் பெயரும்

நூல்களுட் புகுமுன் நோயைப் பற்றிச் சில சொற்கள் தேவை. அனோரெக்ஸியா நெர்வோசா என்னும் பெயரை வழங்கியவர் இலண்டன் மருத்துவர் வில்லியம் கல். 1873இல் அவர் படித்த கட்டுரை 1874இல் அச்சேறியது. பிரான்சில் சார்ல் லசேக் அதே 1873இல் இந்நோயைத் தனியே விவரித்தார். பெயரின் நேர்ப்பொருள் பசியின்மை என்பதாகும். ஆயின் அப்பெயர் நோய்க்குப் பொருந்துவதன்று. நோயாளிக்குப் பசி உண்டு. அப்பசியை அடக்குவதே அவருடைய நாள் முழுவதற்குமான உழைப்பாகிவிடுகிறது. உடல் எலும்புந் தோலுமாய் மெலிந்த பின்னும், எடை கூடிவிடுமோ என்ற அச்சம் நீங்குவதில்லை. இளம் பெண்களிடையே மிகுதி எனினும் ஆடவரையும் இது தாக்கும். உளநோய்களுள் உயிரிழப்பு மிகுந்தவற்றில் இஃது ஒன்று. அளவிறந்து உண்பதும் உண்டதை வெளியேற்றுவதுமாகிய புலிமியா நெர்வோசா என்னும் நோய்க்கு 1979இல் ஜெரால்டு ரஸல் பெயரிட்டார்.

மருத்துவ வரலாற்றில் இவற்றுக்கும் முற்பட்ட பதிவொன்று உண்டு. 1689இல் ரிச்சர்டு மார்ட்டன் என்பார் உடல் தேய்வு நோய்களைக் குறித்து இலத்தீனில் ஒரு நூல் எழுதினார். அதில், காய்ச்சலோ இருமலோ இன்றி உண்ணாமையால் மெலிந்த இருவரை அவர் விவரிக்கிறார். ஒருத்தி பதினெட்டு வயதுப் பெண். அவள் மருத்துவத்தை மறுத்து மாண்டாள். மற்றவன் பதினாறு வயது இளைஞன். ஓர் அருட்பணியாளரின் மகன். படிப்பை நிறுத்தி, நாட்டுப்புறக் காற்றும் பாலுணவும் கொள்ளச் செய்ததில் அவன் பெரிதும் தேறினான். மார்ட்டனும் முதலில் ஆயராயிருந்தவரே. 1662இன் ஒருமைப்பாட்டுச் சட்டத்திற்கு இணங்க மறுத்துத் தம் பணியிடத்தை இழந்த பியூரிட்டன் போதகர் அவர். அதன் பின்னரே மருத்துவரானார். இந்நோயைத் தெளிவுற எழுதிவைத்த முதல்வருள் ஒருவர் நம் மரபைச் சார்ந்த ஆயர் என்பதும், அவர் கண்ட நோயாளிகளுள் ஒருவன் ஆயர் வீட்டுப் பிள்ளை என்பதும் நாம் மறக்கலாகாத செய்திகள்.

2. பெல்லின் நூல்

பெல் எடுத்துக்கொண்ட களம் இத்தாலி நாடு. 1200க்குப் பின் அந்நாட்டில் வாழ்ந்து, உரோமைத் திருச்சபையால் புனிதர், அருளாளர் முதலிய நிலைகளில் ஏற்கப்பெற்ற 261 பெண்களின் வரலாறுகளை அவர் ஆராய்ந்தார். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரைப் பற்றிப் போதிய சான்றுகள் இல்லை. எஞ்சியோருள் பாதிக்கு மேற்பட்டோரிடம் உண்ணா நோயின் அறிகுறிகளைக் கண்டதாக அவர் கூறுகிறார்.

அவருடைய முதன்மைச் சான்று சியன்னா நகரக் கத்தரீன். அவர் 1347இல் ஒரு சாயத்தொழிலாளியின் பெரிய குடும்பத்தில் பிறந்தார். உடன்பிறந்த இரட்டைக் குழந்தை இறக்க, இவர் பிழைத்தார். அன்புக்குரிய அக்காள் 1362இல் பிரசவத்தில் இறந்தார். வீட்டார் திருமணம் பேசியபோது கத்தரீன் தம் கூந்தலை வெட்டியெறிந்தார். உணவு படிப்படியாகக் குறைந்து அப்பமும் பச்சிலையும் நீருமாயிற்று. பின்னர் எதையும் வயிறு ஏற்காத நிலை வந்தது. இதற்கிடையே அவர் நோயுற்றோரைப் பேணினார். திருத்தந்தை பதினோராம் கிரகோரி அவிஞ்ஞோனிலிருந்து உரோமைக்குத் திரும்பத் தூண்டினார். 1380இன் தொடக்கத்தில் நீர் அருந்துவதையும் ஏறத்தாழ ஒரு மாதம் நிறுத்தினார். ஏப்ரல் 29 அன்று தம் முப்பத்து மூன்றாம் வயதில் உயிர் நீத்தார். 1461இல் புனிதராகவும், 1970இல் திருச்சபையின் மறைவல்லுநராகவும் அறிவிக்கப்பட்டார்.

பெல்லின் முடிவு இது: தந்தை, கணவன், குருக்கள் ஆகியோர் கையில் தன் வாழ்வு முழுதும் ஒப்படைக்கப்பட்ட ஒரு பெண், தான் மட்டுமே ஆளக்கூடிய எல்லையைத் தன் உடலில் கண்டாள். அவளுடைய உண்ணாமை 'புனிதம்' எனப்படுவதும் 'நோய்' எனப்படுவதும் அவள் வாழ்ந்த சமுதாயம் எதைப் போற்றியது என்பதைப் பொறுத்தது. புனிதத்தைப் போற்றிய காலத்தில் அவள் புனிதை. மெலிவைப் போற்றும் காலத்தில் அவள் நோயாளி.

இந்நூலின் வன்மை யாதெனில், பக்திச் சொற்களுக்குப் பின்னே துன்புறும் ஒரு மனித உயிரைக் காணும்படி அது நம்மை வற்புறுத்துவதே. மென்மையோ இரண்டு. முதலாவது, சான்றுகளின் இயல்பு. கத்தரீனின் வரலாற்றை எழுதியவர் அவருடைய ஆன்ம குருவாகிய கப்புவா நகர ரெய்மண்ட். கத்தரீன் இறந்த பின்னர், புனிதர் நிலைக்கு வழிகோலும் நோக்குடன் எழுதப்பட்ட நூல் அது. அத்தகைய ஏட்டிலிருந்து மருத்துவக் குறிப்பை வடித்தெடுப்பது எளிதன்று. இரண்டாவது, குடும்பப் போராட்டத்தையே நோயின் வேராகக் கொள்வது. அந்நாளில் உளமருத்துவரும் அவ்வாறே எண்ணினர். ஆயின் அறிவு அங்கே நின்றுவிடவில்லை. 1980களில் இலண்டனின் மாட்ஸ்லி மருத்துவமனையார், இளம் நோயாளியின் பெற்றோரைக் குற்றவாளிகளாக ஒதுக்காமல், பிள்ளையை உண்பிக்கும் பொறுப்பை அவர்களிடமே ஒப்படைத்து நற்பயன் கண்டனர். 2019இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்று ஏறத்தாழ 17,000 நோயாளிகளின் மரபணுக்களை ஆராய்ந்து, இந்நோயுடன் தொடர்புடைய எட்டு இடங்களைச் சுட்டியது. உடல் உணவைப் பயன்கொள்ளும் முறையிலும் நோய்க்கு வேர் உண்டு என்று காட்டியது. எனவே பெல்லின் நூலைப் படித்துவிட்டுத் தாயையோ தந்தையையோ பழிக்க முற்படும் ஆயர், ஏலியின் பிழையை வேறொரு வாயிலில் அமர்ந்து செய்பவராவார்.

3. பைனத்தின் மறுமொழி

பைனம் வேறு வினாவை எழுப்புகிறார். அப்பெண்கள் தம் செயலுக்குத் தாமே என்ன பொருள் கண்டனர் என்பதே அவர் நாடுவது. இற்றை நாள் நோய்ப்பெயரைப் பண்டைக் காலத்தின்மேல் ஒட்டுவதை அவர் ஏற்கவில்லை. நோன்பை மட்டும் தனியே பிரித்தெடுத்தல் தவறு. நோன்பு, திருவிருந்து, பிறர்க்கு உணவளித்தல் ஆகிய மூன்றும் ஒரே பின்னலின் இழைகள் என்பது அவர் கொள்கை. அக்காலத்துப் பெண்ணின் ஆளுகைக்கு உட்பட்ட பொருள் சொத்தன்று, உணவே. ஆகவே அவள் துறந்ததும் உணவு, ஈந்ததும் உணவு, தன் ஆண்டவரை அறிந்துகொண்டதும் உணவாகவே. உடலை வெறுத்து ஆன்மாவை உயர்த்தும் கொள்கையாக இதனைக் காண்பது மேலோட்டமானது. ஊனுடல் எடுத்துத் தம்மை அப்பமாகத் தந்த கிறிஸ்துவோடு தம் ஊனுடலிலேயே ஒன்றுபட அவர்கள் நாடினர் என்கிறார் பைனம்.

இறையியல் மாணவர்க்கு இந்நூல் பெல்லின் நூலினும் பயனுடையது என்பதில் ஐயமில்லை. நோயாளி தன் நோய்க்குக் காணும் பொருளை அறியாதவர் அவரோடு உரையாட இயலாது. 'இது உனக்கு வீண்' என்று ஆயர் கூறும்போது, 'இஃதொன்றே எனக்கு மெய்' என்று அவள் உள்ளம் மறுமொழி கூறும். அந்த மெய்யை மதித்துக் கேட்கப் பைனம் கற்பிக்கிறார்.

ஆயினும் ஒன்று சொல்லியாக வேண்டும். தம் உண்ணாமையில் பேயின் வஞ்சகம் உண்டோ என ஐயுற்ற ஒருவருக்குக் கத்தரீன் எழுதிய மடலொன்று உள்ளது. நாளுக்கு ஓரிரு முறை உண்ணத் தம்மை வருத்தி முயல்வதாகவும், பிறரைப் போல் உண்டு வாழ அருளுமாறு இறைவனை இடைவிடாது வேண்டுவதாகவும் அதில் அவர் கூறுகிறார். தமக்காக மன்றாடவும் கேட்கிறார். தம் நிலையைப் பலவீனம் என்றே குறிக்கிறார். பிறர்க்கு எழுதும்போதோ, ஒறுத்தல் ஒரு கருவியே, அதனையே அடித்தளமாக்கலாகாது என்று எச்சரிக்கிறார். எனவே பொருள் தேடும் ஆய்வாளரும், நோய் தேடும் ஆய்வாளரும், புனிதம் தேடும் குருவும் அம்மடலில் உள்ள எளிய விண்ணப்பத்தின் முன் சற்றே நிற்க வேண்டும். உண்ண இயலவில்லை, எனக்காக வேண்டுங்கள் என்கிறார் ஒரு பெண். அவரைச் சூழ்ந்திருந்தோரோ அவரைக் கண்டு வியந்தனர்.

4. பட்டினியின் செயல்

இரு நூல்களும் முழு இடம் தராத உண்மை ஒன்று உண்டு. பட்டினி மனத்தை மாற்றும். 1944, 1945ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்னும் அறிஞர் 36 இளைஞரைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தினார். அவர்கள் மனச்சான்றின் பொருட்டுப் போர்செய்ய மறுத்தவர்கள்; குவேக்கர், மெனோனைட், பிரெதரன் முதலிய சமாதான சபைகளைச் சார்ந்தோர் அவருட் பலர். போரினால் பசித்திருந்த ஐரோப்பிய மக்களுக்கு எவ்வாறு உணவூட்டுவது என்றறிய அவர்கள் தம் உடலைத் தந்தனர். ஆறு மாதம் அரைப்பட்டினி கிடந்து, தம் எடையில் ஏறத்தாழக் கால் பங்கை இழந்தனர்.

விளைந்தது என்ன? உடலும் உளமும் நலமாயிருந்த அந்த இளைஞர் உணவைத் தவிர வேறெதையும் எண்ண இயலாதவராயினர். சமையற் புத்தகங்களைச் சேர்த்தனர். சிறு உணவை நெடுநேரம் வைத்து உண்டனர். நண்பரை விட்டு ஒதுங்கினர். சினமும் சோர்வும் கொண்டனர். சிலர் பின்னர் அடக்கமின்றி உண்டனர். உணவு மீண்ட பின்னும் உள்ளம் மீள நாட்கள் பல சென்றன. 1950இல் இவ்வாய்வு இரு தொகுதிகளாக வெளிவந்தது.

நோயாளியின் பிடிவாதம், ஒதுக்கம், உணவைப் பற்றிய ஓயாத எண்ணம் ஆகியவற்றுட் பெரும்பகுதி அவருடைய குணமன்று, பட்டினியின் செயல் என்பதே இதனால் பெறப்படும் பாடம். பட்டினியில் தளர்ந்த மூளையோடு வாதிட்டுப் பயனில்லை. சூரைச்செடியின் கீழ்ச் சாவை விரும்பிக் கிடந்த எலியாவிற்குத் தேவதூதன் முதலில் கொணர்ந்தது அடையும் தண்ணீருமே; மெல்லிய குரல் பின்னரே வந்தது. யவீருவின் மகளை எழுப்பிய ஆண்டவரும், வியப்பில் மூழ்கியிருந்தோரை நோக்கி, அவளுக்கு உண்ணக் கொடுக்குமாறு கூறினார். வியந்து நின்றோர் அதை மறந்திருந்தனர் போலும்.

இங்கு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். நெடும்பட்டினிக்குப் பின் திடீரெனப் பேருணவு கொடுப்பது இரத்தத்திலுள்ள உப்புகளின் நிலையைக் குலைத்து உயிருக்கே கேடு தரலாம். உண்பித்தலின் முதற்படி மருத்துவரின் கண்காணிப்பில் நிகழ வேண்டுவதாகும்.

5. நமது தற்பெருமை

இவை யாவும் உரோமைத் திருச்சபையின் இடைக்காலத் தவறுகள், நமக்கு இவற்றோடு என்ன என்று சிலர் கேட்கலாம். தவத்தால் ஈட்டும் தகுதியைச் சீர்திருத்தம் மறுத்தது மெய்யே. 1522இல் சூரிக் நகரில், தவசுக் காலத்தில் இறைச்சி உண்டோர்க்கு ஆதரவாக ஸ்விங்ளி உணவின் உரிமையைக் குறித்துப் பிரசங்கித்தார். துறவியாயிருந்த நாட்களில் நோன்பினால் தம் உடலைக் கெடுத்துக்கொண்டதாக லூத்தர் பிற்காலத்தில் கூறியதுண்டு. 1530இல் மனச்சோர்வுற்ற இளைஞர் ஹீரோனிமஸ் வெல்லருக்கு எழுதியபோது, தனிமையை விட்டு நண்பரோடு உண்டு குடித்து மகிழுமாறு அவர் அறிவுரை கூறினார்.

ஆயின் 1869இல் வேல்ஸ் நாட்டில் நடந்ததைக் கேளுங்கள். சேரா ஜேக்கப் என்னும் குடியானவர் வீட்டுச் சிறுமி ஈராண்டுகளாக எதுவும் உண்ணவில்லை என்ற செய்தி பரவிற்று. மக்கள் காண வந்தனர், காணிக்கை வைத்தனர். அவ்வூர் ஆயர் முதலில் ஐயுற்றார், பின்னர் நம்பினார், ஆராய வருமாறு செய்தித்தாளுக்கு எழுதினார். இலண்டனின் கைஸ் மருத்துவமனையிலிருந்து நான்கு செவிலியர் வந்து இரவு பகலாகக் காவலிருந்தனர். அவளாகக் கேட்டால் உணவு தரலாம், தாமாகத் தரலாகாது என்பது ஏற்பாடு. அவள் கேட்கவில்லை. டிசம்பர் 17 அன்று, பன்னிரண்டு வயதில், அத்தனை கண்களுக்கு முன்பாகப் பட்டினியால் மாண்டாள். பெற்றோர் சிறை சென்றனர்.

அவள் நோய்க்கு இன்று பெயர் சூட்டுவது நம் வேலையன்று. ஆயரும் மருத்துவரும் ஊராரும் ஒரே வினாவைக் கேட்டனர் என்பதே நம் கவலை. இது அற்புதமா, வஞ்சகமா? இரண்டில் எதுவாயினும் குழந்தைக்குப் பசி உண்டு என்பதை ஒருவரும் எண்ணவில்லை.

இக்கட்டுரையை எழுதுவோனும் இப்பிழைக்கு விலக்கானவன் அல்லன். முன்பு நான் ஊழியம் செய்த சபையொன்றில், கல்லூரியிற் படித்த பெண்ணொருத்தி வெள்ளி உபவாசக் கூட்டத்திற்குத் தவறாது வருவாள். ஒரு நாள் நோன்பு மூன்று நாளாயிற்று. லெந்து நாற்பது நாளும் நீடித்தது. உயிர்த்தெழுந்த பண்டிகைக்குப் பின்னும் நிற்கவில்லை. வாலிபர் கூட்டத்தில் அவளை எழுந்து நிற்கச் சொல்லி, மற்றவர்க்கு முன்மாதிரி என்று புகழ்ந்தேன். சில மாதங்களுக்குப் பின் அவள் தாய் என்னிடம் வந்து, 'ஐயா, நீங்கள் சொன்னால் கேட்பாள், ஒரு வாய் சாப்பிடச் சொல்லுங்கள்' என்று அழுதார். அவளோ என் புகழ்ச்சியையே எனக்கு எதிராகக் காட்டினாள். மருத்துவரும் குடும்பத்தாரும் நெடுநாள் உழைத்து அவளை மீட்டனர். அதே மாதங்களில் அதே பீடத்திலிருந்து, குடிப்பவர் சிலரைப் பெயர் சொல்லாமல், ஆனால் யாவரும் அறியும்படி, நான் கண்டித்து வந்தேன். அவர்களுள் ஒருவரும் என் பிரசங்கத்தால் குடியை விட்டதாக அறியேன். ஒரு நோயைக் கண்டித்தேன். ஒரு நோயைப் புகழ்ந்தேன். நோயாளியை இரண்டிலும் காணவில்லை.

6. குடியும் பட்டினியும்

இவ்விரு அடிமைத்தனங்களையும் ஒன்றெனக் கூறுவோர் உளர். ஒற்றுமை உண்டு: மறைத்தல், பொய் கூறல், தான் ஆள்வதாக எண்ணியதே தன்னை ஆளுதல். 1935இல் ஓஹையோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில் பில் வில்சனும் மருத்துவர் ராபர்ட் ஸ்மித்தும் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கம், 1939இல் பன்னிரு படிகளை நூலாக்கியது. லூத்தரன் போதகர் ஃபிராங்க் புக்மன் தொடங்கிய ஆக்ஸ்ஃபோர்டு குழுவிடம் அது பலவற்றைக் கற்றது: பாவ அறிக்கை, ஈடுசெய்தல், பிறர்க்கு உதவல் முதலியன. தன் வலுவின்மையை ஒப்புக்கொள்வதே முதற்படி. 1960இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் அளவிறந்து உண்போர்க்காக இதே முறையில் ஓர் இயக்கம் தோன்றியது.

வேற்றுமையோ பெரிது. குடிப்பவர் மதுவை முற்றும் விடலாம், விட வேண்டும். உணவை விடுவது மருந்தன்று, அதுவே நோய். உண்ணா நோயாளி தான் அஞ்சும் பொருளை நாள்தோறும் மும்முறை எதிர்கொண்டே குணமாக வேண்டும். மேலும், தன்னை அடக்கியாள முயன்று தோற்றவர்க்கு வலுவின்மையின் அறிக்கை விடுதலையாகும். தன்னை அளவுக்கு மிஞ்சி அடக்கியவர்க்கோ, இன்னும் உன்னை ஒறு என்று கேட்கும். ஒரே பிரசங்கம் இருவர்க்கும் பொருந்தாது. பெருந்தீனியைக் கண்டிக்கும் பிரசங்கத்தைக் கேட்டு மனம் குத்தப்படுபவள், பெரும்பாலும் அதற்குரியவள் அல்லள்.

1869ஆம் ஆண்டிலேயே, அமெரிக்காவின் வைன்லண்டு ஊரில் தாமஸ் வெல்ச் என்னும் மெதடிஸ்டு சபையார், புளியாத திராட்சச் சாற்றைத் திருவிருந்துக்கென உருவாக்கினார். குடியை விட்டவர் தடுமாறாமல் பந்திக்கு வரச் சபை வழிகண்டது. சேரா இறந்ததும் அதே ஆண்டில்தான். உண்ண அஞ்சுபவர்க்காக நாம் கண்ட வழி யாது?

7. ஆயரின் கடமை

பெல் 'ஏன்' என்று கேட்கிறார். பைனம் 'என்ன பொருள்' என்று கேட்கிறார். இரு வினாக்களும் ஆயருக்கு வேண்டியவையே. ஆயினும் அவற்றுக்கு முற்பட்ட வினா ஒன்றுண்டு: 'சாப்பிட்டாயா?' நம் வீடுகளில் வந்தவரை நோக்கி முதலில் கேட்கப்படும் கேள்வி அது. ஆலயத்திலும் அது கேட்கப்பட வேண்டும்.

நோன்பைச் சபையில் பெயர் சொல்லிப் புகழாதிருப்போமாக. மறைவில் இருக்க வேண்டியது அது என்பது ஆண்டவரின் கட்டளை. நோயுற்றோர், வளரும் பிள்ளைகள், கருவுற்றோர் ஆகியோர் நோன்பினின்று விலக்குப் பெற்றவர் என்று வெளிப்படையாக அறிவிப்போமாக. மெலிந்துவிட்டாய், பருத்துவிட்டாய் என்று ஒருவர் உடலைக் குறித்து வாசலில் நின்று பேசும் வழக்கத்தை ஆயரே முதலில் விடுவாராக. ஐயம் எழுந்தால் தாமதமின்றி மருத்துவரிடம் அனுப்புவாராக. பேய் ஓட்டவோ விசுவாசக் குறைவைச் சுட்டவோ முற்படாதிருப்பாராக. பெற்றோரிடமிருந்து பழியை அகற்றிப் பொறுப்பைத் தருவாராக. மீட்சி ஆண்டுகள் செல்லும். இடையில் வீழ்ச்சியும் வரும். அப்போதும் வந்து பந்தியில் உடன் அமர்பவரே அவருக்குத் தேவை. அறிவுரை கூறுபவர் ஏற்கெனவே பலர் உளர்.

கொரிந்து சபையின் பந்தியில் ஒருவர் பசித்திருக்க மற்றவர் வெறித்திருந்ததைப் பவுல் கண்டித்தார். அவர் இருவரையும் பந்தியை விட்டு விலக்கவில்லை. ஒருவருக்காக ஒருவர் காத்திருக்குமாறு கூறினார். அருளால் மீட்கப்படுகிறோம் என்று போதிக்கும் நாம், தன் உடலைத் தேய்த்து அவ்வருளை ஈட்ட முயலும் ஒருவர்க்கு அதைக் கையில் அப்பமாகக் கொடுக்கக் கடமைப்பட்டுள்ளோம். ஏலி தவறு செய்தான், ஆனால் கேட்டான், கேட்டபின் வாழ்த்தினான். அன்னாள் போய் உண்டாள்.